சத்தியம் பண்ணாதவர்கள் ஊதிய குழல்

மூங்கில் கட்டோடு பஸ் ஏறுகிற பெண்ணை எந்தக் கண்டக்டரும் சும்மா விடமாட்டான். "என்ன டீச்சர், பந்தக்காலா, பாடைக் கம்பா?" என்று கேட்டான் திருவாதவூர் பஸ் கண்டக்டர். "உன் கல்யாணப் பந்தலுக்குத்தான். பொண்ணு கிடைச்சாச்சா?" என்று கேட்டேன். பஸ் மொத்தமும் சிரித்தது. அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் என் கட்டை மேலே ஏற்றவும் இறக்கவும் அவனே வந்து நின்றான். எழுபதுகளின் நடுவில், பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பாட்டும் கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் நீளம் என்று என்னைப் பற்றிப் பேச்சு. இரண்டும் உண்மைதான்.

புல்லாங்குழல் செய்யக் கற்றது ஆசிரியப் பயிற்சியில். பாய் முடைவது, சோப்புக் காய்ச்சுவது இவற்றோடு அதுவும் ஒரு பாடம். கூடப் படித்தவர்கள் மார்க் வாங்கியதும் அதைக் கைகழுவிவிட்டார்கள். எனக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டது. மதுரை மூங்கில் கடைகளில் கூடைக்கும் ஏணிக்கும் மூங்கில் எடுப்பவர்கள் நடுவில் நான் போய் நின்று, கணுவுக்குக் கணு நீளமாக, ஓடு மெலிந்த மூங்கிலாகப் பொறுக்குவேன். குழாயை எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் அது எந்தச் சுருதிக்கு வரும் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

திருவாதவூர்ப் பக்கம் நாலைந்து கிராமச் சபைகளைச் சைக்கிளிலேயே சுற்றிக் கவனித்துவந்த போதகர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தார். அவருடைய சபைகளில் ஒன்றில் இருந்த ஒரே ஆர்மோனியத்தின் துருத்தியை எலி தின்றுவிட்டதாம். புதிது வாங்க வழியில்லை. "அறுப்பின் பண்டிகைக்குள்ள ஒரு பத்துப் பேரு குழல் ஊதக் கத்துக்கிட்டாப் போதும் டீச்சர்" என்றார். பத்துப் பேர் குழல் செய்து, ஊதி, அதுவும் ஒரே சுருதியில் சேர்வது அவருக்குப் 'போதும்' என்கிற அளவில் இருந்தது. முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாததால் வருகிறேன் என்றேன்.

திருவாதவூரில் இறங்கிக் கண்மாய்க் கரையோடு நடந்தால் முதலில் பெரிய ஊர் வரும். அதன் நடுத்தெரு வழியாகப் போனால் கீழத்தெரு கொஞ்ச தூரம்தான். ஆனால் கீழத்தெரு ஆட்கள் அந்த வழியாகப் போகமாட்டார்கள், கண்மாயைச் சுற்றித்தான் போவார்கள். என்னையும் அப்படித்தான் கூட்டிப்போனார்கள். கீழத்தெருவின் கடைசியில் சுண்ணாம்பு அடித்த சின்னக் கோயில், அதற்கு முன்னால் வேப்ப மரம். மரத்தடியில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். நான் கட்டை அவிழ்த்து, "யார் யார் கத்துக்கப் போறீங்க? முன்னாடி வாங்க" என்றேன். ஆண்கள் பக்கம் ஒருவர்கூட அசையவில்லை.

சபை மூப்பர் என்று அங்கே ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான மனிதர், வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவர். அவர்தான் முன்னால் வந்தார்.

"டீச்சரம்மா கோவிச்சுக்கக் கூடாது. இந்தத் தெருவுல ஆம்பளை எவனும் வாத்தியத்தத் தொடமாட்டான்."

பஸ்ஸில் மூங்கிலைக் கட்டிக்கொண்டு வந்த எரிச்சலில், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று போதகர் பக்கம் திரும்பினேன். போதகர் தன் சைக்கிள் சங்கிலியில் ஏதோ கோளாறு கண்டுபிடித்துக் குனிந்துவிட்டார். மூப்பர்தான் விளக்கினார். அவருடைய அப்பா காலம் வரை அந்தத் தெரு ஆண்கள் பெரிய ஊரின் ஒவ்வொரு சாவுக்கும் பறை அடிக்கப் போக வேண்டும். வரமுடியாது என்று சொல்லும் உரிமை கிடையாது. கிறிஸ்தவர்களானபோது, எல்லாப் பறைகளையும் இதே இடத்தில் குவித்துக் கொளுத்தி, இனி வாத்தியம் தொடுவதில்லை என்று ஆண்கள் சத்தியம் பண்ணினார்கள். அடுத்த சாவுக்கு ஆள் வந்தபோது மூப்பரின் அப்பா மறுத்துவிட்டார். சுற்றுவட்டார வயலையெல்லாம் வைத்திருந்த பெரிய வீட்டின் தூணில் அவரை ஒரு பகல் முழுக்கக் கட்டிவைத்தார்கள். அந்த வருஷம் கீழத்தெருவை யாரும் அறுப்புக்குக் கூப்பிடவில்லை.

"புளியங்கொட்டைய வறுத்துத் தின்னு கெடந்தோம். நான் அப்பச் சின்னவன். வாத்தியம்னு ஒண்ணு கையில இருந்தா, அவுகளுக்குக் கூப்புட ஒரு சாக்கு கெடச்சிரும் டீச்சரம்மா. அதான்."

கயிற்றை எடுத்து மூங்கிலைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தேன்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "சத்தியம் பண்ணுனது ஆம்பளைகதானே? எங்கள யாரு கேட்டா?"

கேட்டது வேறு யாருமில்லை, மூப்பரின் மனைவி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "கொட்டு அடிச்சதும் நீங்க, கொளுத்துனதும் நீங்க, சத்தியம் பண்ணுனதும் நீங்க. புளியங்கொட்டைய வறுத்தது மட்டும் எங்க ஆத்தாமாரு. நாங்க ஒரு சத்தியமும் பண்ணல. டீச்சர், கட்ட அவுருங்க."

பெண்கள் சிரித்த சிரிப்பில் வேப்ப மரத்துக் காக்காய்கள் எழுந்து பறந்தன. ஆண்களிலும் இரண்டு பேர் சிரிப்பை அடக்க மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். மூப்பர் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. "கத்துக்கங்க. ஆராதனைல ஊதுறதப் பத்திப் பெறகு பாப்போம். ஆனா நாளைக்கு அங்கருந்து கூப்புட்டு விட்டா, பதில் சொல்ல வேண்டியவன் நான். அத மறந்துராதீக" என்றார். மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். நாற்று நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், ஒருத்தி செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள். சூட்டுக்கோலுக்குப் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி மூங்கிலில் வைத்துத் துளை போட வேண்டும். கொஞ்சம் தயங்கினால் மூங்கில் கருகும், கொஞ்சம் அழுத்தினால் வெடிக்கும். வாழ்நாள் முழுக்க அடுப்போடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது விளையாட்டு. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் எடுக்கிற வேலையை ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டு, "அடுத்தது என்ன?" என்று உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்தது அளவு. நான் துளைகளின் இடைவெளியைக் குறித்த அளவுகோல் ஒன்று கொண்டுபோயிருந்தேன். மாதிரிக் குழலில் வைத்துக் காட்டும்போது, இத்தனை விரற்கடை என்று வாயாலும் சொன்னேன். விரற்கடை என்ற சொல் காதில் விழுந்ததும் அளவுகோல் சுவரோரம் போய்ச் சாய்ந்துவிட்டது. நாற்றுக்கு நாற்று விடுகிற இடைவெளி, உலை நீர், பிள்ளையின் அரைஞாண் எல்லாவற்றையும் விரலால் அளக்கிற ஊரில் கோல் யாருக்கு வேண்டும்? நான் போதகரோடு பேசித் திரும்புவதற்குள் ஆளாளுக்குத் தன் தன் விரலை வைத்து அளந்து துளை போட்டு முடித்துவிட்டார்கள். சூளைக்காரியின் விரல் இரண்டு பேர் விரலுக்குச் சமம். பக்கத்திலிருந்த புது மருமகளின் விரல் வெண்டைப் பிஞ்சு. எல்லாக் குழலையும் நானே வாங்கி ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தேன். பன்னிரண்டு குழல், பன்னிரண்டு சுருதி. சந்தையில் கோழிக் கூடையைத் திறந்த மாதிரி இருந்தது.

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். மதுரையிலிருந்து சுமந்து வந்த மூங்கில் அத்தனையும் பாழ். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன், பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். "அடுப்பூதவாச்சும் ஆகுமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆறு ஓட்டை இருக்கே, எந்த ஓட்டைய அடைச்சிட்டு எதுல ஊதுவ?" என்றார் மூப்பரின் மனைவி. அதற்கு மேல் என்னாலும் முறைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அடுத்த வாரம் வேறு மூங்கில் கொண்டுபோனேன். அவர்களே பனை ஓலையை என் மாதிரிக் குழலின் நீளத்துக்கு நறுக்கி, துளைக்குத் துளை கிள்ளி, ஆளுக்கு ஒரு ஓலை வைத்துக்கொண்டார்கள். விரலைப் பக்கத்தில் கொண்டுவந்தவள் கையில் அடி விழுந்தது. அடித்தது நானில்லை.

ஊதுவது தனிக் கதை. அத்தனை பேரும் ஊதாங்குழலால் அடுப்பூதிப் பழகியவர்கள். மூச்சுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் ஈர விறகைப் பற்றவைக்கிற மூச்சு. குழலில் காற்று போகும், சத்தம் வராது, தலைதான் சுற்றும். இரண்டு பேர் மயங்கிச் சாயப் பார்த்தார்கள். வாயை இப்படிக் குவி, உதட்டை அப்படி வை என்று நான் சொன்னதெல்லாம் வீண். கடைசியில், "பிள்ளைக்குக் கஞ்சி ஆத்துவீங்கள்ல, அப்படி ஊதுங்க" என்றேன். சூளைக்காரியின் குழலிலிருந்துதான் முதல் சத்தம் வந்தது. அவள் குழலை வாயிலிருந்து எடுத்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதுபோல் பார்த்தாள். பிறகு அழுதுவிட்டாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன். சூளைத் தூசி என் வெள்ளைச் சேலையில் அப்பிக்கொண்டது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் கோயிலுக்குள் பழகும்போது மூப்பர் வெளியே படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். பிடிக்காததை அப்படிக் காட்டுகிறார் என்று நினைத்து, "அவரு முதுகுக்கு வாசிக்கவா நான் வாரேன்?" என்று ஒருநாள் அவர் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அந்த அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒங்க மேல கோவமில்ல டீச்சர். அவரு கண்மாக் கரையப் பாத்து உக்காந்திருக்காரு. ஆளு வருதான்னு. ராத்திரி தூக்கத்துலயும் அதான். அவுகப்பனக் கட்டி வச்சத நேருல பாத்தவரு." அதற்கப்புறம் அந்த முதுகின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அறுப்புக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்த ஒரு சனிக்கிழமை, ஆள் வந்தேவிட்டது.

பெரிய வீட்டுக் கணக்கப்பிள்ளை சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றார். நாங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தோம்.

"பெரியாத்தா தவறிட்டாக. சாயங்காலம் எடுக்குறோம். சனிக்கிழமையாப் போச்சு, பாடையில கட்ட ஒரு கோழிக்குஞ்சு வேணும். அப்பறம், ஒங்க பொம்பளைக குழல் ஊதுறாகளாமே, அய்யா காதுக்கும் வந்துருச்சு. பாடைக்கு முன்னாடி ஊதிட்டு வரட்டும். பழைய மொறைப்படி நெல்லும் துணியும் குடுத்துருவாக."

கோழிக்குஞ்சையும் குழலையும் ஒரே மூச்சில் கேட்டார். அவருக்கு அதில் ஒன்றும் தவறாகப் படவில்லை, அதட்டவும் இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப எரிந்தது. வாயைத் திறக்கப் போனேன், மூப்பரின் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினார். சுற்றியிருந்த வயலெல்லாம் பெரிய வீட்டு வயல். கதிர் முற்றிச் சாய்ந்து நின்றது. அந்த அறுப்பில் கிடைக்கிற கூலி நெல்தான் அந்தத் தெருவின் வருஷச் சாப்பாடு. மாட்டோம் என்றால் என்ன ஆகும் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். போனால் என்ன ஆகும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். எல்லாரும் மூப்பரையே பார்த்தார்கள்.

மூப்பர் படியிலிருந்து எழுந்தார்.

"கோழிக்குஞ்சு எடுத்துக்கங்க கணக்கப்பிள்ளை. குழல் வராது. நாங்க வாரோம்."

"நீங்க வந்து?"

"துக்கம் கேக்க."

கணக்கப்பிள்ளை சைக்கிளை விட்டு இறங்கினார். "என்னய்யா பேசுற? அதெல்லாம் மொறையில்ல."

"எங்க சபையில யாரு செத்தாலும், தெரு மொத்தமும் போயி நிப்போம். கூலி வாங்கமாட்டோம். எங்க மொறை அது. பெரியாத்தா வயலுல நாப்பது வருஷம் வேலை பாத்துருக்கோம். துக்கம் கேக்க வாரவன வராதன்னு சொல்ற மொறை எந்த ஊருல இருக்கு?"

சாவு வீட்டுக்கு வராதே என்று சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. கணக்கப்பிள்ளை கோழிக்குஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

பெண்கள் குழல்களை ஒரு பழஞ்சேலையில் சுற்றிக் கோயிலுக்குள் வைத்தார்கள். "நீங்களும் வாங்க டீச்சர்" என்றார் மூப்பரின் மனைவி. கண்மாயைச் சுற்றவில்லை. மூப்பர் முன்னால் நடக்க, ஆண்களும் பெண்களுமாகப் பெரிய ஊரின் நடுத்தெரு வழியாகவே போனோம். வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை என்று இன்றைக்கு நான் சொல்லிவிடலாம். அந்த வருஷமும் கீழத்தெருவைத்தான் அறுப்புக்குக் கூப்பிட்டார்கள். கதிர் உதிர ஆரம்பித்தால் பெரிய வீடாவது சின்ன வீடாவது. ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவில் நடக்கும்போது அது யாருக்கும் தெரியாது. மூப்பரின் மனைவி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தார். "ஆத்தா கஞ்சி ஊத்துறப்ப நம்ம கையில படாமத் தூக்கித்தான் ஊத்துவாக, தெறிக்கும். ஆனா வயிறு நெறைய ஊத்துவாக." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

பந்தலில் கூட்டம். செத்தவரின் மகனான பெரிய வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்பது கையால்தான். வீட்டு ஆண்கள் கை நீட்டியபடி நிற்பார்கள், வருகிறவர்கள் தங்கள் கைகளை நீட்டி அதைத் தொட்டுவிட்டு நகர்வார்கள். பேச்சு கிடையாது. அவர் தலையைக் குனிந்து, வருகிற கைகளைத் தொட்டுக்கொண்டே இருந்தார். அழுது கண் வீங்கியிருந்தது. ஒருவர் நகர்ந்தார், அடுத்தவருக்காக அவர் கை நீட்டியபடியே இருந்தது. மூப்பர் அதில் தன் இரண்டு கைகளையும் வைத்தார்.

அப்போதுதான் பெரிய வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். பெற்ற தாய் உள்ளே கிடக்கும்போது, நீட்டிய கையை இழுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. இழுக்கவில்லை. பிறகு மூப்பர் நகர்ந்துபோய்ப் பந்தலுக்குள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். பின்னாலேயே கீழத்தெரு ஆண்கள் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். நான் அழுதேன். முன்பின் பார்த்திராத அந்த அம்மாளுக்காக நான் அழுத அழுகையைப் பார்த்து, மதுரையிலிருந்து வந்த சொந்தம் போலிருக்கிறது என்று யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கீழத்தெரு ஆட்கள் அந்த வீட்டிலிருந்து திரும்புவதற்கென்று ஒரு முறை இருந்தது. துண்டை இடுப்பில் கட்டி, "உத்தரவு வாங்கிக்கிறேன் சாமி" என்று சொல்லி, உள்ளேயிருந்து "சரி, போ" என்று வருகிற வரை நிற்க வேண்டும். சில நாள் அந்தச் 'சரி' வர ஒரு பொழுதாகும் என்று மூப்பரின் மனைவி எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மூப்பர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, திரும்பத் தோளிலேயே போட்டுக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. திரும்பி, தெருவில் இறங்கி நடந்தார். நாங்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் இறங்கினோம்.

ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் அவர் மனைவி வாயைத் திறந்தார். "ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டீகளே?"

"துக்க வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது" என்றார் மூப்பர். கொஞ்ச தூரம் போய் நின்று, பெண்கள் வந்து சேருகிற வரை காத்திருந்தார்.

"இன்னைக்கு ஊத வேணாம். துக்கம் கேட்டுட்டு வந்திருக்கோம்" என்றார். "நாளைக்கு ஆராதனைல ஊதுங்க."